பலன் யாருக்கு?

வியாபார நிர்வாகத்திற்குக் கீதையிலே வழியிருப்பதாக ஒரு பிரசாரம் பலமாய் நடந்து வருகிறது. கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் பேராசிரியர் எஸ்.கே. சக்கரவர்த்தி என்பவர் 1990-களில் இந்த ஞானத்தை நிர்வாகத்தில் புகுத்த ஒரு மையமே ஏற்படுத்தினார். பலனை எண்ணாமல் கடமையைச் செய்வதே இதன் சாரமாம்!

இதைத் திருப்பூரில் வைத்துப் பார்ப்போம். அங்கே பவர்டேபிளில் தைப்பவருக்குப் பீஸ் ரேட். எத்தனை உருப்படி தைத்தாரோ அத்தனைக்குத்தான் சனிக்கிழமைக் கூலி. பலனை எண்ணாவிட்டால் அவர் வீட்டில் உலை கொதிக்குமா? சரக்கைக் கப்பலேற்றிய முதலாளியாவது பலனை எண்ணாமல் பில்லைக் கிழித்துப் போட்டதுண்டா?

அந்த வட்டாரத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' நடந்த சங்கதியை நேயர்கள் அறிவார்கள். ஏழைப் பெண்களை விடுதியில் வைத்து மூன்று வருஷம் வேலை வாங்குவது. கலியாணத்திற்கென்று மொத்தத் தொகையைக் கடைசியில் கொடுப்பது. நோய்ப்பட்டு நடுவில் நின்ற பலருக்கு அத்தொகை கிடைக்கவேயில்லை. பலன் கருதாத கர்மத்தை இதைவிடப் பூரணமாய் எந்தப் பேராசிரியர் போதித்துவிட முடியும்? பெயரைப் பாருங்கள், சுமங்கலி!

1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த திருப்பூர்த் தோழர்கள் இந்த வகுப்புக்குப் போகாதவர்கள்.

முதலாளியின் பேராசையை அடக்கத்தான் இந்த உபதேசம் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால் நமக்கு ஆட்சேபணையில்லை. முதல் பாடமாக லாபக் கணக்குப் புத்தகத்தைத் தொழிலாளர் முன்னே விரித்து வைக்கட்டும்.