வயர் மாற்றிய வீட்டுக்குத் தாள் எங்கே?

வாடகை வீட்டில் வயர் மாற்றுகிறார்கள். இரண்டு நாள் சுவரைக் குடைகிறார்கள், புதிதாக ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டுகிறார்கள், விளக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள், எரிகிறது, போய்விடுகிறார்கள். அடுத்த மாதம் வீட்டுக்காரர் வந்து, "செலவு ஆயிடுச்சு, வாடகையைக் கூட்டித்தான் வாங்கணும்" என்கிறார். நம்மவர்களும், "புது வயருதானே, கொடுத்துடலாம்" என்று கொடுத்துவிடுகிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்த நம் பாட்டாளிக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன சங்கதி. கூட்டிய வாடகையைக் கொடுக்கும் முன்பு ஒரு தாளைக் கேட்டிருக்க வேண்டும். கேட்பவர் குறைவு, அப்படி ஒரு தாள் உண்டென்று தெரிந்தவர் அதைவிடக் குறைவு.

ஒரு தாள் அல்ல, இரண்டு. 1990-ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டத்தின் கீழ் 1994-இல் வந்த மின்சார விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. புதிதாக வயர் இழுப்பதானாலும் சரி, பழையதை மாற்றுவதானாலும் சரி, சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற மின் குத்தகையாளர் செய்ய வேண்டும். அல்லது ஒரு நிறுவனம் தன் சொந்த வேலைக்காகப் பதிந்து வைத்திருக்கும் வயரிங் பிரிவு செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் பக்கத்திலிருந்து மேற்பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் மேற்பார்த்தவர் கையெழுத்திடுவது 'போராங் ஜி'. சோதித்துப் பார்த்தவர் கையெழுத்திடுவது 'போராங் எச்'. இந்த இரண்டும் இல்லாவிட்டால், அந்த வீட்டில் வயர் மாற்றியதற்கு வீட்டுக்காரரின் வாய்வார்த்தைதான் சாட்சி.

விளக்கு எரிகிறதே, பிறகென்ன சோதனை என்று கேட்கலாம். இங்கேதான் ஏமாந்து போகிறோம். விளக்கு எரிய இரண்டு கம்பி போதும். மூன்றாவது கம்பியான 'எர்த்' அறுந்திருந்தாலும், மண்ணில் அடித்த செப்புக் கோலோடு சேராமலே இருந்தாலும், விளக்கு பளிச்சென்று எரியும், ஃபேன் சுற்றும், சோறு வேகும். என்றைக்கோ ஒருநாள் துணி துவைக்கும் மெஷினுக்குள் கசிவு ஏற்படும்போது, அந்த மின்சாரம் போக வேறு வழியில்லாமல், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் நம் வீட்டுப் பெண்ணின் உடம்பு வழியாகப் போகும். 230 வோல்ட்டுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. எர்த் முழுதாக ஓடுகிறதா, கம்பிகள் இடம் மாறாமல் இணைந்திருக்கின்றனவா, மேலுறை கசியாமல் தாங்குகிறதா என்பதையெல்லாம் கருவி வைத்துத்தான் அறிய முடியும். அப்படி அறிந்ததற்குத்தான் அந்த இரண்டாவது தாள்.

பெட்டியில் கசிவைக் கண்டால் தானே விழும் சுவிட்ச் ஒன்று இருக்கும். இ.எல்.சி.பி. என்று நம்மவர்கள் சொல்வது அதைத்தான். அதிலுள்ள சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அது செத்த சுவிட்ச். உடனே மாற்றச் சொல்லுங்கள். விழுந்தால் நல்லது, ஆனால் அதை வைத்து எர்த்தும் சரியாக இருக்கிறதென்று எண்ணிவிடாதீர்கள். எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரிலேயே விழும் சுவிட்சை 1994 விதிகள் கேட்கின்றன. குளியலறையில் சுடுதண்ணீர் ஹீட்டர் வைத்திருப்போர் முதலில் பார்க்க வேண்டிய எண் இது.

புதிய வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கும்போது இந்தத் தாள்களைக் கேட்பார்கள். இல்லாமல் காரியம் நடக்காது. மீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய வீட்டில் வயர் மாற்றினால், வாசலில் வந்து நின்று கேட்க யாருமில்லை. தாள் காணாமல் போவது அங்கேதான். தெரிந்த பையன் ஒருவன் மலிவாகச் செய்து கொடுத்துவிட்டுப் போவதும் அங்கேதான். பையனைக் குறை சொல்லவில்லை. அவனுக்குக் கைத்திறன் இருக்கலாம். அவன் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதே விஷயம். இன்னொன்று: வயர் மாற்றினோம் என்பார்கள், பெட்டியும் பிளக்குகளும்தான் புதிதாக இருக்கும், கூரைக்கு மேலே பழைய வயரே கிடக்கும். எங்கிருந்து எதுவரை மாற்றினார்கள் என்று அன்றே கேட்டு வையுங்கள்.

ஒரு காலத்தில் நம் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரரின் நாட்டில், இங்கிலாந்தில், 2020 முதல் வாடகை வீடுகளின் மின்சார அமைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். அதன் அறிக்கையைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அங்கே கொடுப்பதை இங்கே கேட்டால் என்ன குற்றம்?

இனி, இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்கு. அது நிர்வாகம் கொடுத்த வீடு. 446-ஆம் சட்டம் என்று சொல்லப்படும் 1990-ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டப்படி, போதிய மின்சாரம் கிடைக்கச் செய்வதும் வீட்டைப் பழுதில்லாமல் வைப்பதும் முதலாளியின் பொறுப்பு. ஜெனரேட்டர் காலத்தில் இரண்டு விளக்குக்காக இழுத்த வயரில் பிரிட்ஜும் மெஷினும் ஓடிய லயங்கள் உண்டு. "நம்ம வர்க்‌ஷாப் ஆளே மாத்திட்டாரு" என்று கிராணி சொன்னால், அந்த வர்க்‌ஷாப்புக்கு வயரிங் பிரிவாகப் பதிவு இருக்கிறதா, தாள் ஆபீசில் இருக்கிறதா என்று மரியாதையாகவே கேளுங்கள். அதே சமயம் நாமும் சும்மா இருப்பதில்லை. பின்னால் தகரம் அடித்துச் சமையல்கட்டு இறக்குகிறோம், ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்து அந்தத் தகரத்தின் மேலேயே ஓட்டுகிறோம். தகரம் வயரை அறுத்தால் முழுச் சுவரும் மின்சாரம்தான். வீட்டுக்கு வாங்கிய தாள் அந்த வயருக்குச் செல்லாது.

"கேட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு" என்ற பயம் நமக்குப் புரிகிறது. பள்ளிக்கூடம் பக்கத்தில், வேலை பக்கத்தில் என்று அலைந்து கண்டுபிடித்த வீடு. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால், அதே வீட்டுக்காரரிடம் குடியிருக்கும் நாலு குடும்பம் சேர்ந்து கேட்கலாம். லயத்தில் சங்கத் தலைவர் மூலமாகக் கேட்கலாம். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரமும், வாடகையைக் கூட்டச் சொல்லி வரும் நேரமும் கேட்பதற்கு ஏற்றவை, ஏனென்றால் அப்போது அவருக்கும் நம் கையெழுத்து தேவைப்படுகிறது. நகல் கொடுத்தால் போதும். அதில் வயர்மேனின் சான்று எண், தேதி, வீட்டு முகவரி சரியா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லி, ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். எத்தனை முறை கேட்டும் தராமல், தொட்டால் சுர்ரென்று அடிக்கும் வீடாகவும் இருந்தால், பெட்டியையும் வயரையும் படம் எடுத்துக்கொண்டு, வேலை நடந்த தேதியோடு சுருஹான்ஜாயா தெனாகாவுக்கு எழுதுங்கள். தலைமையகம் புத்ராஜெயாவில் இருக்கிறது. வெளியூர்களில் கிளைகளும் உண்டு. லயத்து வீடாக இருந்தால் தொழிலாளர் இலாகாவுக்கும் ஒரு நகல் போகட்டும்.