கணிப்பொறியின் கண்டிப்பு நல்லதே!

மாணவ மாணவியரே! 'அரம்' வேறு, 'அறம்' வேறு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓர் எழுத்து மாறியதும் இரும்பை அராவும் கருவி நல்லொழுக்கமாகி விடுகிறது!

ஆனால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு தமிழில் இல்லை. அதனால்தானோ என்னவோ, வலைப்பக்கம் அமைக்கப் பழகும் நம் மாணவர் பலர் ஆங்கில எழுத்தின் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. கணிப்பொறியோ எழுத்துகளை எண்களாகவே நினைவில் கொள்கிறது. ஆஸ்கி குறியீட்டில் பெரிய 'ஏ'யின் எண் 65. சிறிய 'ஏ'யின் எண் 97. நமக்கு ஒரே எழுத்து. அதற்கோ இரு வேறு எண்கள்.

பக்கத்தின் அமைப்பைக் கூறும் எச்.டி.எம்.எல். மொழி இதில் தாராளமானது. அதன் குறிச்சொற்களை எந்த எழுத்தில் எழுதினாலும் உலாவி ஏற்றுக்கொள்ளும். 1995-இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் அப்படியன்று. மதிப்பெண்களின் கூட்டுத்தொகைக்கு 'டோட்டல்' என்று சிறிய எழுத்துகளில் பெயரிட்டு, அதில் 450-ஐ வைக்கிறீர்கள். பிறகு அதை 460 ஆக்கும்போது, முதல் எழுத்தை மறதியாகப் பெரியதாக எழுதிவிடுகிறீர்கள். என்ன நடக்கும்? பிழை என்ற அறிவிப்பு வராது! புதிய பெயரில் இன்னோர் இடம் ஒதுக்கி, 460-ஐ அங்கே வைத்துவிடும். உங்கள் பக்கத்தில் பழைய 450 தான் தெரியும்.

பிழையைச் சுட்டிக்காட்டும் கணிப்பொறியைவிட, பிழையைக் கண்டும் வாய் மூடியிருக்கும் கணிப்பொறியே புதிதாகக் கற்பவருக்குக் கேடு என்பது என் கருத்து. 2009-இல் இம்மொழியில் 'கண்டிப்பு முறை' சேர்க்கப்பட்டது. நிரலின் முதல் வரியில் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' என்று மேற்கோள் குறிகளுக்குள் எழுதினால் போதும். அறிவிக்கப்படாத பெயருக்கு மதிப்புத் தர முயன்றதுமே நிரல் நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், இச்சொற்களையே பெரிய எழுத்தில் எழுதினால் பயனில்லை!

தொடக்கத்திலேயே இத்தகைய கண்டிப்பு மாணவரை மிரட்டிவிடாதா என்று சிலர் கேட்கலாம். மிரட்டாது. பிழைச் செய்தி எந்த வரியில் தவறு என்பதையும் சொல்லிவிடுகிறது. எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடும் ஆசிரியரை நாம் வெறுக்கிறோமா? ஆகவே, முதல் நாளிலிருந்தே கண்டிப்பு முறையில் எழுதிப் பழகுங்கள். பிழைச் செய்தி வந்தால் அஞ்சாமல் படியுங்கள். விடை தவறாகிப் பிறர் காட்டுமுன், தவற்றை நாமே காண்பது மேல் அல்லவா?