வண்டிப் பட்டறையிலிருந்து ரோலர் கோஸ்டர் வரை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, வழுக்காமல் குன்னூர் வரை ஏறும். இந்த முறையை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோமன் ஆப்ட்.

ரோலர் கோஸ்டரிலும் இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. உச்சிக்கு ஏறும்போது ‘டக், டக்’ என்று கேட்கிறதே, அது பெட்டி பின்னால் உருண்டுவிடாதபடி கொக்கி ஒவ்வொரு பல்லிலும் விழும் சத்தம்!

ரோலர் கோஸ்டர் செய்வதில் பேர்போன ஒரு குடும்பம் ஜெர்மனியில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து எல்லைக்கு வடக்கே, பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் வால்ட்கிர்ஷ் என்ற சிற்றூர். அங்கே 1780-ல் பால் மாக் என்பவர் வண்டிப் பட்டறை தொடங்கினார். திருவிழாக்களில் வாசிக்கும் பெரிய ஆர்கன்களுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஆர்கன்களை ஏற்றிச் செல்லும் வண்டி, ஊர் ஊராகப் போகும் வேடிக்கைக்காரர்கள் தங்கும் வீட்டு வண்டி என்று மாக் பட்டறை வளர்ந்தது. திருவிழாக்காரர்களோடு ஏற்பட்ட அந்தப் பழக்கம், 1920-களில் மர ரோலர் கோஸ்டர் செய்வதில் கொண்டுபோய் விட்டது.

ஆனால் ராட்டினத்தைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போய் விலை பேச முடியாதே? அமெரிக்கப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு வந்த ஃபிரான்ஸ் மாக்கும் மகன் ரோலண்டும், 1975-ல் ரூஸ்ட் என்ற கிராமத்தில் ‘யூரோப்பா பார்க்’ பூங்காவைத் திறந்தார்கள். தாங்கள் செய்வதை ஓட்டிக் காட்டும் ஷோரூம் அது. இன்று ஆண்டுக்கு 50 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

2018 மே மாதம் பூங்காவில் பெரும் தீ. பல ஆண்டுகளாக மக்கள் விரும்பி ஏறிய கடற்கொள்ளையர் படகுச் சவாரி சாம்பலானது. அந்தப் பெயரை மாற்றாமல் மறுபடி கட்டி, 2020-ல் திறந்தார்கள்.

நம்மூர்த் திருவிழாக்களுக்கும் லாரியில் ராட்டினத்தை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறார்கள். அப்பா போல்ட் முடுக்குவதைப் பார்த்தே பிள்ளை தொழில் பழகுகிறது. அடுத்த முறை உங்கள் குழந்தையை ஏற்றிவிடும்போது, ‘எத்தனை தலைமுறையாக இந்தத் தொழில்?’ என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். சொல்ல அவரிடமும் ஒரு கதை இருக்கும்.