வண்டியின் கோளாறை போனில் பார்க்க எவ்வளவு டேட்டா வேண்டும்?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் கீரை, கத்தரி, வெண்டை சாகுபடி செய்கிறோம். வாரம் மூன்று நாள் மினி வேனில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறோம். வண்டியில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு அடிக்கடி எரிகிறது. போனிலேயே கோளாறைப் பார்க்கும் கருவி இருப்பதாகவும், அதற்குப் பெரிய டேட்டா பேக் போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மாதம் எவ்வளவு டேட்டா ஆகும்?

- வாசகர், மதுராந்தகம் வட்டம்.

பதில்: வண்டியும் போனும் பேசிக்கொள்ள டேட்டாவே தேவையில்லை. இதற்கென்று தனி பேக் போட வேண்டாம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 துளை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதை ஓ.பி.டி. போர்ட் என்கிறார்கள். தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியை அதில் செருகினால், இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களை அது படித்து, புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். பாட்டுக் கேட்கும் புளூடூத் ஸ்பீக்கரைப் போலத்தான் இதுவும். செல்போன் டவருக்கு இதில் வேலை இல்லை. போனில் சிம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

அந்தத் தகவலும் மிகச் சிறியது. நொடிக்கு 10 அளவீடு, ஒவ்வொன்றும் 20 எழுத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 720 கே.பி. அதாவது 1 எம்.பி.கூட இல்லை. இதுவும் புளூடூத்தில் போவதால் பேக்கிலிருந்து எதுவும் குறையாது.

டேட்டா செலவாகும் இடங்கள் வேறு. முதலாவது, செயலியைப் பதிவிறக்குவது. இது ஒரே ஒரு முறை, சில பத்து எம்.பி. மட்டுமே. டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலிகளில் பொதுவான கோளாறு எண்களுக்கு விளக்கம் உள்ளேயே இருக்கிறது. இரண்டாவது, இலவசச் செயலிகளில் வரும் விளம்பரங்கள். மூன்றாவது, கோளாறு எண்ணைப் போட்டு வீடியோ தேடிப் பார்ப்பது. அரை மணி நேர வீடியோவே சில நூறு எம்.பி.யைத் தின்றுவிடும். நாள் ஒன்றுக்கு 1.5 ஜி.பி. பேக் வைத்திருப்பவருக்கு இவையெல்லாம் அதற்குள்ளேயே அடங்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டிலேயே செயலியை இறக்கி, கருவியை ஒரு முறை இணைத்துப் பாருங்கள். பிறகு மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். எண் தெரிந்தால் டேட்டா தேவையில்லை என்பது உறுதி. தெரியாவிட்டால் அந்தச் செயலியை நீக்கிவிட்டு வேறொன்றைப் போடுங்கள். போனின் செட்டிங்ஸில் எந்தச் செயலி எவ்வளவு டேட்டா எடுத்தது என்ற கணக்கும் இருக்கும்.

கருவி வாங்குமுன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வைஃபை வகைக் கருவியும் உண்டு. போன் அந்த வைஃபையில் சேர்ந்ததும், 'இதில் இணையம் இல்லை' என்று காட்டும். அதைப் பார்த்து டேட்டா தீர்ந்துவிட்டது என்று நினைத்து ரீசார்ஜ் செய்பவர்கள் உண்டு. கருவியைக் கழற்றினால் சரியாகிவிடும். ஆண்ட்ராய்டு போனுக்கு புளூடூத் வகையே எளிது. ஐபோனில் சாதாரண புளூடூத் கருவி சேராது என்பதால், ஐபோனுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது வண்டியின் வயது. சென்னை உட்பட 13 நகரங்களில் பி.எஸ். 4 விதி 2010 ஏப்ரல் 1-ல் வந்தது. நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரல் 1-ல்தான். பி.எஸ். 4 வண்டிகளுக்கு ஓ.பி.டி. 2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். ஆகவே 2014-ல் சென்னையில் பதிவான வண்டியில் போர்ட் இருக்கலாம், அதே ஆண்டு மாவட்டத்தில் பதிவான வண்டியில் இல்லாமலும் இருக்கலாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம், வருடம் பார்த்து, சாக்கெட் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளிலோ, ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலோ வாங்குவதானால், வண்டியில் செருகிக் காட்டச் சொல்லிப் பிறகு பணம் கொடுங்கள்.

டிராக்டருக்கு இது பெரும்பாலும் பயன்படாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல்தான் புதிய புகை விதி வந்தது. அதற்குக் குறைந்த பெரும்பாலான டிராக்டர்களில் கம்ப்யூட்டரே இல்லாத பழைய முறை டீசல் பம்புதான்.

மஹிந்திராவின் டிஜிசென்ஸ், டாடாவின் ஃப்ளீட் எட்ஜ் போன்றவை வேறு வகை. வண்டிக்குள்ளேயே தனி சிம் இருந்து, அது நேரடியாகத் தகவலை அனுப்புகிறது. பெரிய பேக் வேண்டும் என்று சொல்பவர்கள் இதையும் செருகும் கருவியையும் ஒன்றாக நினைத்திருக்கலாம்.

டேட்டாவைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கோளாறு எண் என்பது இலை மஞ்சளாவது மாதிரி. இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரில் தண்ணீர் தேங்கியதா என்று வயலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். யூரியாவைத் தூக்கி வீசிவிடுவதில்லை. அதேபோல, பி 0171 என்று வந்தால் இன்ஜினில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று பொருள். உடனே சென்சாரை மாற்ற வேண்டும் என்பதில்லை. காற்றுக் குழாயில் ஒரு வெடிப்பும் காரணமாக இருக்கலாம். எண்ணை அழிக்கும் பட்டனைத் தொடாதீர்கள். அழித்தால் கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் எப்படி ஓடியது என்ற பதிவும் போய்விடும், மெக்கானிக்குக் கண்ணைக் கட்டியது போலாகும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவரிடம் காட்டுங்கள்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி இழுவை குறையாமல் ஓடினால், சரக்கை இறக்கிவிட்டு அன்றே மெக்கானிக்கிடம் காட்டலாம். விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, சிவப்பு நிற ஆயில் விளக்கு அல்லது இன்ஜின் சூட்டு விளக்கு எரிந்தாலோ, போனை எடுத்துக்கொண்டிருக்காமல் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். தி.நகர் நெரிசலில் கீரை வாடிவிடுமே என்று ஓட்டினால், ஒரு நாள் கீரைக்காக இன்ஜினையே இழக்க நேரும். கீரையை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது மலிவு.

ஓட்டும்போது போனைப் பார்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டில் சாவி எடுத்த பிறகும் மின்சாரம் வரும் என்பதால், நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கிவிடும்.