சுவரில் பலகை! திரையில் கூட்டம்!

கோவை ஆர்.எஸ்.புரம். பகல் 2 மணி.

டி.பி. ரோட்டில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைகிறது. பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டு மாடியில், ஒரு பெண் லேப்டாப் முன் உட்காருகிறார்.

அதே நேரம் லண்டனில் என்ன மணி? குளிர்காலம் என்றால் காலை 8.30. அங்கே ஒருவர் காபிக் கோப்பையுடன் உட்காருகிறார். சென்னையில் இருந்து மூன்றாவது ஆள் வந்து சேருகிறார்.

மூவர் முகமும் திரையில் தெரிகிறது. கூட்டம் தொடங்கிவிட்டது!

இன்றைய கோவையில் இது புதுமை அல்ல. விளாங்குறிச்சியில் டைடல் பார்க் 2010-ல் திறக்கப்பட்டது. 2011-ல் தொடங்கிய 'கோவை.கோ' என்ற மென்பொருள் கம்பெனிக்குக் கோவையிலும் லண்டனிலும் ஆபீஸ் இருக்கிறது.

பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமலே உலக வேலை செய்யலாம். பெற்றோருக்கு இது நல்ல செய்தி.

ஆனால், முகம் பார்த்துப் பேசினால் மட்டும் வேலை நடந்துவிடுமா? நடக்காது!

1 கோடி, 30 கோடி ஆனது

படம் காட்டும் டெலிபோன் பழைய ஆசை. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்போன்' என்ற கருவியை வைத்தார்கள். மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். கட்டணம் அதிகம். அதனால் அது பரவவில்லை.

2020-ல் கொரோனா வந்தது. வீடே ஆபீஸ் ஆனது. 'ஜூம்' கூட்டங்களில் 2019 டிசம்பரில் ஒரு நாள் வருகைக் கணக்கு 1 கோடி. 2020 ஏப்ரலில் அது 30 கோடி! ஒருவரே 3 கூட்டத்துக்குப் போனால், கணக்கில் 3 வருகை.

களைப்பு ஏன்?

கூட்டம் பெருகியது. களைப்பும் பெருகியது.

ஏன் என்று அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் 4.

திரையில் முகங்கள் மிக அருகில் தெரிகின்றன. தன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இடத்தை விட்டு அசைய முடியாது. சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை அதிகம் உழைக்க வேண்டும்.

இதற்கு வழி உண்டு. தன் படத்தைத் தன் திரையில் மறைத்து வைக்கலாம். சில கூட்டங்களைக் குரல் மட்டும் வைத்தே நடத்தலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

கோவையின் முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது. பஞ்சாலையில் நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். உடனே ஆள் வந்து முடிவார்.

கம்ப்யூட்டர் வேலை அப்படி அல்ல. ஒருவர் வேலை தடைப்பட்டால் அடுத்த நாற்காலிக்காரருக்கே தெரியாது. லண்டன்காரருக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் பலகை!

ஜப்பானில் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் 'கன்பான்' என்ற முறையைக் கொண்டுவந்தார். பாகங்களோடு ஓர் அட்டை போகும். அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்த பாகம் செய்யவேண்டும். யாருக்கு என்ன தேவை என்பதை அட்டையே சொல்லிவிடும்.

அந்த அட்டை இப்போது கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. பலகையில் 3 கட்டங்கள். செய்யவேண்டியது, நடப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. வேலை நகர்ந்தால் சீட்டும் நகரும். ஒரே சீட்டு பல நாள் நகராமல் நின்றால், அங்கே தடை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவர் சொல்வதுதான் எடுபடும். ஆங்கிலம் பேசக் கூச்சப்படுகிறவர் வாய் திறக்க மாட்டார். பலகையில் அவரும் எழுதலாம். எல்லோருடைய சீட்டும் ஒரே அளவுதான்!

சாப்பாட்டு நேரம் யாருக்கு?

ஆபத்தும் இருக்கிறது. நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் கோவையில் இரவு 7.30 அல்லது 8.30. குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரம். அப்போது தாயோ தந்தையோ திரை முன் உட்கார்ந்தால், வீட்டில் இருந்தும் இல்லாத கதைதான்.

என்ன செய்வது? தெரிந்துகொள்ளும் விஷயத்தைப் பலகையில் எழுதிவிட வேண்டும். முடிவு எடுக்கும் விஷயத்துக்கு மட்டும் கூட்டம் போட வேண்டும். மாலை 6 மணிக்கு 4 வரி எழுதிவைத்தால், அமெரிக்காக்காரர் காலையில் எழுந்து படித்துக்கொள்வார். இரவுக் கூட்டம் ஒன்று குறையும்.

வேலை ஊருக்கு வந்துவிட்டது. அது சாப்பாட்டுத் தட்டு வரை வராமல் பார்த்துக்கொள்வது, கூட்டத்தைக் கூட்டுகிறவர்கள் கையில் இருக்கிறது.