தங்கவயலைப் 'பேய் நகரம்' என்பவர்களுக்கு

கோலார் தங்கவயலைப் பற்றிய சுற்றுலாக் கட்டுரைகளில் 'பேய் நகரம்' என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. துருவேறிய சுரங்கக் கோபுரம், கூரை இழந்த பங்களா, செடி முளைத்த சுவர் ஆகியவற்றின் படங்களும் கூடவே வரும். அவற்றில் மனிதர் எவரும் இருப்பதில்லை.

நானும் அந்த இடிபாடுகளைப் பார்க்கவே போனேன். பெங்களூரில் வேலை முடித்து மாரிக்குப்பம் திரும்புவோரால் மாலைப் புகையிரதம் நிரம்பி வழிந்தது. பேய்கள் பருவச்சீட்டு எடுத்துப் பயணம் செய்வதாக நான் அறிந்ததில்லை.

1880 இல் ஜோன் டெய்லர் கொம்பனி இங்கு தங்கம் தோண்டத் தொடங்கியது. கூலிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதித் தமிழர். அவர்களிலும் பெரும்பாலோர் தலித் மக்கள். 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. இந்தப் பெருமையை எல்லோரும் எழுதுகிறார்கள். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930 இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததை யாரும் எழுதுவதில்லை. மூன்று கிலோமீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில், தொட்டால் சுடும் பாறைக்குள் இறங்கி, 800 தொன் தங்கத்தை அவர்கள் மேலே கொண்டுவந்தார்கள். மிஞ்சியது நுரையீரலில் படிந்த கற்தூசு.

அவர்களுடைய வரிசை வீடுகளை விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் மலையகத்து லயன்களைப் பார்த்தவர்களுக்கு அவை நன்கு தெரியும். காலமும் அதே, துரைமாரும் அதே.

2018 இல் வந்த திரைப்படம் இச்சுரங்கத்தை ஒரு கொடுங்கோலனின் இரகசிய இராச்சியமாகக் காட்டியது. உண்மையில் இதை நடத்தியது சட்டப்படி பதிவான கொம்பனி. பின்னர் நடத்தியது அரசு. 2001 பெப்ரவரி 28 அன்று மூடியதும் அதே அரசுதான்.

கோபுரத்தின் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரிடம், "படத்துக்குச் சற்று விலகி நில்லுங்கள் ஐயா" என்றேன். மறுபேச்சின்றி விலகினார். இருபத்தெட்டு ஆண்டுகள் அதே சுரங்கத்தில் வேலை செய்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கும் ஆளில்லாத படமே தேவைப்பட்டிருக்கிறது! அதை நான் வெளியிடவில்லை.

காற்றடித்தால் வீட்டுக்குள் தூசு கொட்டும் சயனைட் மேடுகளில் இன்னும் தங்கம் இருக்கிறதாம். அவற்றில் 13 மேடுகளை ஏலம்விட 2024 இல் கர்நாடக அமைச்சரவை இணங்கியது. கழிவுக்கும் விலை வைத்தாயிற்று. அந்தப் பணத்தில் அவ்வரிசை வீடுகளுக்கு எவ்வளவு, இருமிக்கொண்டிருக்கும் கிழவர்களுக்கு எவ்வளவு? அடுத்த முறை படக்கருவியோடு போகும் நண்பர்கள் பெங்களூரில் இறங்கும்போதே இதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.