யார் வாயால் வரவேற்பது?

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆறு வயது நிரம்பிய குழந்தைகள் தொடக்கப் பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் நாளில் ‘ந்யூகாக்குஷிகி’ எனப்படும் சேர்க்கை விழா நடக்கிறது. நாட்டுப்பண் ஒலிக்கிறது, தலைமையாசிரியர் பேசுகிறார், பல பள்ளிகளில் ஓராண்டு மூத்தவர்களான இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடி வரவேற்கிறார்கள். இவ்விழாவின் ஒழுங்கையும் அழகையும் வியந்து பகிரப்படும் காணொளிகளுக்கு இங்கே குறைவில்லை. அங்கே பாடப்படுவது யாருடைய குரல் என்று வியப்பவர்கள் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் விடை இனிமையானதாக இராது. வரவேற்பு என்ற பெயரில் பெரிதும் பாடப்படும் பாடல்களில் வரவேற்பவரின் குரலே இல்லை.

இவ்வகைப் பாடல்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது ‘இச்சினென்செய் நி நத்தாரா’. 1966இல் வெளிவந்தது. எழுதியவர் மாதோ மிச்சியோ. இசையமைத்தவர் யாமமோத்தோ நவோசுமி. ‘முதல் வகுப்புக்குப் போனால்’ என்பது தலைப்பின் பொருள். பள்ளியில் நூறு நண்பர்கள் கிடைப்பார்களா, அவர்களோடு ஃபுஜி மலையில் சோற்றுருண்டை உண்ணலாமா என்று கனவு காணும் ஒரு சிறு குழந்தையின் மனம் அதில் பேசுகிறது. 1994இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்ற அக்கவிஞரின் கைத்திறனில் குறை காண இடமில்லை. வீட்டில், இன்னும் பள்ளிக்குப் போகாத குழந்தை தனக்குத்தானே பாடிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான பாடல் அரிது.

சிக்கல் தேர்வில் இருக்கிறது. அப்பாடலின் பேசுநர் இனிமேல்தான் பள்ளிக்குச் செல்லவிருக்கும் குழந்தை. அதன் வினை நிபந்தனை எச்சம். அதை இரண்டாம் வகுப்பினர் மேடையில் நின்று பாடும்போது, வந்திருப்பவரின் வாயை வரவேற்பவர் கடன் வாங்குகிறார். ‘டோக்கிடோக்கிடோன்! இச்சினென்செய்’ என்ற மற்றொரு புகழ்பெற்ற பாடலின் தலைப்பிலுள்ள ஒலிக்குறிப்பு நெஞ்சு படபடப்பதைக் குறிப்பது. அந்தப் படபடப்பும் புதிதாக வந்த குழந்தையுடையதே. வரவேற்றல் என்பது ஒரு பேச்சுச்செயல். அதில் வாக்குக் கொடுக்க வேண்டியவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவர். விருந்தோம்பல் என்ற தமிழ்ச் சொல்லிலேயே ஓம்பும் கடமை யார்மேல் விழுகிறது என்பது தெளிவு. இங்கோ விருந்தாக வந்த குழந்தையிடமிருந்து வாக்கு வாங்கப்படுகிறது: நண்பர்களைத் தேடிக்கொள்வாய், மகிழ்ச்சியாக இருப்பாய், அதுவும் நூறு பேரோடு. ‘உனக்கு நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் எவரும் எதையும் சொல்வதில்லை.

அதே விழாவில் ஒலிக்கும் மற்றொரு பாடலின் நிலை இதனினும் விந்தையானது. நாட்டுப்பண்ணான ‘கிமிகாயோ’வின் சொற்கள் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட ‘கோக்கின்ஷூ’விலுள்ள ஒரு பாவிலிருந்து வந்தவை. ஆறு வயதுக் குழந்தைக்கு அன்றாடப் பேச்சில் ‘கிமி’ என்றால் ‘நீ’. பண்ணிலுள்ள ‘கிமி’ நாட்டின் அடையாளமாகிய பேரரசரைக் குறிக்கிறது என்று 1999இல் நாட்டுப்பண் சட்டம் இயற்றப்பட்டபோது அரசே விளக்கமளித்தது. குழந்தை தன்னை அழைப்பதாக எண்ணக்கூடிய ஒரே முன்னிலைச் சொல்லும் அதன் தலைக்கு மேலே வேறொருவரை நோக்கிப் போய்விடுகிறது.

‘சின்னக் குழந்தைகள் பாடும் பாட்டு, இதில் இலக்கண ஆராய்ச்சி எதற்கு? மெட்டு இனிமையாக இருந்தால் போதாதா?’ என்று கேட்போர் உண்டு. சேர்க்கை விழாப் பாடல் அற்பமானது என்று ஜப்பானிய அரசு ஒருபோதும் கருதியதில்லை என்பதே அவர்களுக்கான விடை. சேர்க்கை விழாவிலும் நிறைவு விழாவிலும் நாட்டுப்பண் பாடப்பட வேண்டும் என்று 1989இல் திருத்தப்பட்ட கல்வி நெறிமுறை வலியுறுத்தியது. 1999 ஏப்ரலில் தோக்கியோவின் ஹினோ நகரில், ஒரு தொடக்கப் பள்ளியின் சேர்க்கை விழாவில், அப்பண்ணுக்குப் பியானோ வாசிக்க இசையாசிரியர் ஒருவர் மறுத்தார். ஒலிநாடாவைக் கொண்டு விழா நடந்தேறியது. ஆசிரியருக்குக் கண்டனத் தண்டனை வழங்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வாசிக்கச் சொன்ன ஆணை மனச்சான்றுரிமையை மீறவில்லை என்று 2007 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். ஒரு பாடலின் பக்கவாத்தியத்துக்காக எட்டு ஆண்டுகள் நீண்ட இவ்வழக்குக்குப் பின்னும், வரவேற்புப் பாடலின் சொற்களை எடைபோடுவது மிகை என்று எவரும் சொல்ல இயலாது. அரசு தன் பாடலை இவ்வளவு கவனத்தோடு காக்கிறது. குழந்தைக்கான பாடலோ, சென்ற ஆண்டு பாடியதையே இந்த ஆண்டும் பாடலாம் என்ற வழக்கத்திடம் விடப்படுகிறது.

அந்த வழக்கத்தின் அடியிலிருந்த ஜப்பான் இன்று இல்லை. 1966, ‘தீக்குதிரை’ ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண்கள் கணவனுக்கு ஆகாதவர்கள் என்ற மூடநம்பிக்கையால் பிறப்புகள் திடீரெனச் சரிந்தன. அப்படிச் சரிந்த எண்ணிக்கையே ஏறத்தாழ 13.6 லட்சம். 2023இல் பிறந்தவர்களோ 7.3 லட்சத்தைக்கூட எட்டவில்லை. மலையூர்களிலும் தீவுகளிலும் முதல் வகுப்பில் ஒரே ஒரு குழந்தை சேரும் பள்ளிகள் உள்ளன. அக்குழந்தையின் முன் நூறு நண்பர்களைப் பாடுவது எதை வரவேற்கிறது? கூட்டத்தைக் கண்டு ஒதுங்கும் இயல்புள்ள குழந்தைக்கு அந்த எண் ஒரு தேர்வு மதிப்பெண்ணாக மாறுவதை எந்த மெட்டு தடுக்கும்? ஜப்பானிய மொழிப் பயிற்சி தேவைப்படும் மாணவர்கள் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பொதுப் பள்ளிகளில் 58,000 பேருக்கும் மேல் இருந்தனர். போர்த்துக்கீசியமோ வியட்நாமியமோ பேசும் வீட்டிலிருந்து வந்த குழந்தை, முதல் நாளில் நூறு நண்பர்களைக் கேட்பதில்லை. தன் பெயரைச் சரியாக உச்சரிக்கும் ஒருவர் போதும் அதற்கு.

‘மரபை ஏன் மாற்ற வேண்டும்?’ என்ற வாதமும் நிற்காது. நிறைவு விழாவைப் பாருங்கள். ஸ்காட்லாந்து மெட்டில் அமைந்து 1881இல் பாடநூலில் ஏறிய ‘ஹொத்தாரு நோ ஹிக்காரி’யும், 1884இல் வந்த ‘ஆவோகெபா தோதோஷி’யும் தலைமுறைகளாக விடைபெறும் பாடல்களாக இருந்தன. 1991இல் சைத்தாமா மாநிலத்தின் சிச்சிபு நகரிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் சொல்லெழுத, இசையாசிரியர் மெட்டமைக்க, ‘தபிதாச்சி நோ ஹி நி’ பிறந்தது. தம் மாணவர்களை வழியனுப்ப இருவர் செய்த பாடல் நாடெங்கும் பரவி, பழம்பாடல்களின் இடத்தைப் பல பள்ளிகளில் எடுத்துக்கொண்டது. ஆணையோ சட்டமோ அதற்குத் தேவைப்படவில்லை. வழியனுப்பும் பாடலை ஆசிரியர்களால் மாற்ற முடிந்தது என்றால், வரவேற்கும் பாடலையும் மாற்ற முடியும். விடைபெறுபவர் வளர்ந்தவர், தனக்கு என்ன பாட வேண்டும் என்று அவரால் சொல்ல முடியும். வருபவருக்கு அந்த வாய்ப்பில்லை. பொறுப்பு முழுவதும் தேர்ந்தெடுப்பவருடையது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

இங்கே தமிழ் இலக்கணம் ஒரு கருவியைத் தருகிறது. கேட்பவரை உள்ளடக்குவது ‘நாம்’, விலக்குவது ‘நாங்கள்’. ஜப்பானியப் பொதுவழக்கின் ‘வதாஷிதாச்சி’ இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. மேடையிலிருந்து அச்சொல் ஒலிக்கையில், கீழே அமர்ந்திருக்கும் குழந்தை அதற்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை இலக்கணம் சொல்லாது. பாடலின் மற்றச் சொற்கள்தாம் சொல்ல வேண்டும். ‘நாங்கள்’ என்று தொடங்கி ‘நாம்’ என்று முடிவதே வரவேற்பு. அந்தப் பயணத்தை நிகழ்த்தாத பாடல், எவ்வளவு இனிதாயினும், நிகழ்ச்சி நிரலின் ஓர் உருப்படி மட்டுமே.

எனவே தேர்வுக்கு மூன்று கேள்விகள் போதும். பாடலில் பேசுபவர் உண்மையிலேயே பாடுபவர்தானா? அது அங்கே அமர்ந்திருக்கும் குழந்தையை நோக்கிப் பேசுகிறதா? பாடுபவர்களால் நிறைவேற்றக்கூடிய ஏதேனும் ஒரு வாக்கு அதில் உண்டா? மூன்றாவது கேள்விக்கான பொருள் அப்பள்ளிகளிலேயே குவிந்து கிடக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வகுப்பினருக்கு மதிய உணவு பரிமாற உதவுகிறார்கள். துடைப்பம் பிடிக்கக் கற்றுத் தருகிறார்கள். காலணி மாற்றும் இடத்தில் உரிய அடுக்கைக் காட்டுகிறார்கள். கைகள் ஏற்கெனவே வரவேற்றுக்கொண்டிருக்கின்றன. பாடல் மட்டும் இன்னும் வேறொருவரின் கனவையும் வேறொருவரின் ஆட்சியையும் பாடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கைகள் செய்வதைச் சொல்லும் நான்கு எளிய வரிகளை, அவற்றைச் செய்யும் பிள்ளைகளையே எழுதச் சொல்லட்டும் பள்ளிகள். நூறு நண்பர்களைத் தேடும் வேலையைக் குழந்தையிடம் ஒப்படைக்குமுன், முதல் நண்பராக நிற்கும் கடமை பள்ளியுடையது.